கல்மரத்துக்குள்ளே கசகசா

பொண்ணு வீடா சார், மாப்பிள்ளை வீடா? மாப்பிள்ளையோட ஆபீசா? நல்லது, நல்லது. அந்த நாற்காலிலயே உக்காருங்க, காலிதான். என் சம்சாரம் உக்காந்திருந்தா. எழுந்து போயி முக்கா மணி நேரமாச்சு, இனிமே வர மாட்டா. அதோ, மேடைக்குப் பக்கத்துல அரக்குக் கலர் பட்டு, சுத்தி நாலஞ்சு பேரு கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கிறாங்களே, தெரியுதா? அவதான். அவ பேசுறா, அவங்க கேக்குறாங்க. இத்தனைக்கும் அவ பத்தாங்கிளாஸ் சார். நிக்கிறவங்க அத்தனை பேரும் டாக்டருங்க. ஊசி போடுற டாக்டர் இல்ல, படிச்சுப் படிச்சு ஆன டாக்டருங்க.

நானா? நான் ரெண்டு வீடும் இல்ல. பொண்ணோட அம்மா பிலோமினா மேடம் இருக்காங்க இல்ல, காலேஜுல செடி கொடி பத்திப் பாடம் எடுக்குறவங்க, அவங்களுக்கு நான் கல்லு அறுத்துக் குடுத்தவன். திண்டிவனம் பைபாஸ் தாண்டுனதும் எடது கைப் பக்கம் 'தாண்டவராயன் கிரானைட்ஸ்'னு போர்டு பாத்திருப்பீங்க. பாத்ததில்லயா? பெரிய போர்டுதான். பரவால்ல.

பிரியாணி மூணாவது பந்தியிலதான் நமக்கு. ரெண்டாவது இப்பதான் உக்காந்திருக்குது. அதுக்குள்ள ஒண்ணு சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. சொந்தக்காரன்கிட்ட கேட்டா அவளுக்குத்தான் பேசுவான். வெளியாளு சொன்னாதான் சரியா இருக்கும்.

போன வருஷம் பங்குனி மாசம். கடை வாசல்ல ஒரு கார் வந்து நிக்குது. மேடம் எறங்குறாங்க. எறங்கி, டிக்கியத் தொறந்து, "அண்ணா, இதை அறுக்க முடியுமா?"ன்னாங்க. எட்டிப் பாத்தா ஒரு மரக்கட்டை. பட்டை வரிவரியா இருக்குது, பக்கத்துல ஒரு கணுவு கூட இருக்குது. "மேடம், மரம் அறுக்குற மில்லு ரோட்டுக்கு அந்தாண்ட"ன்னேன். "தூக்கிப் பாருங்கண்ணா"ன்னு சிரிக்கிறாங்க. தூக்குனேன். இடுப்பு புடிச்சுக்கிச்சு. கல்லு சார்! கல்மரம். எங்க பக்கத்துல அது கெடைக்கும், எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்னிக்கு ஏதோ கவனம் பிசகிப் போச்சு.

ரெண்டு கோடி வருஷத்துக்கு முன்னால வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்து மண்ணுல பொதைஞ்ச மரமாம். தண்ணில கரைஞ்ச கல்லுச் சத்து உள்ள ஊறி ஊறி, மரத்துல இருக்குற ஒவ்வொரு சின்ன அறையையும் ரொப்பி, மரம் போயி அதோட அச்சு மட்டும் கல்லா நின்னுடுச்சாம். ஒருத்தரு நெலத்துல கெணறு வெட்டுறப்ப வந்துதுன்னு அவரே கூப்பிட்டுக் குடுத்திருக்காரு. இதை மெல்லிசா அறுத்து, கண்ணாடில ஒட்டி, பூதக்கண்ணாடி மிஷின்ல வெச்சுப் பாத்தா, உள்ள இருக்குற நரம்பு, குழா எல்லாம் தெரியுமாம். எந்த மரத்தோட பாட்டன் முப்பாட்டன்னு கண்டுபுடிச்சிடலாமாம். காலேஜுல அறுக்குற மிஷின் எரிஞ்சு போச்சு, புதுசு வர ஆறு மாசம் ஆகும்னாங்க. அதான் நம்மகிட்ட வந்தாங்க.

"எவ்ளோ மெல்லிசு மேடம்? அரை இஞ்சு?"ன்னேன்.

"தலைமுடில பாதி கனம் இருக்கணும்ணா. புஸ்தகத்து மேல வெச்சா கல்லுக்குள்ள எழுத்து தெரியணும்."

நான் சிரிச்சிட்டேன். அவங்க சிரிக்கல.

சரின்னு ஒத்துக்கிட்டேன். நமக்குத் தொழில்ல ஒரு ரோஷம் இருக்குது பாருங்க. முதல்ல பிஸ்கெட்டு மாதிரி ஒரு துண்டு அறுக்கணும். அதை ஒரு கண்ணாடிச் சில்லுல பசை போட்டு ஒட்டணும். அப்புறம் இன்னொரு தட்டையான கண்ணாடி மேல எமரிப் பொடியும் தண்ணியும் விட்டு, வட்ட வட்டமாத் தேச்சுக்கிட்டே வரணும். வெளிச்சம் ஊடுருவுற வரைக்கும். அறுக்குறதை நான் அறுத்தேன், சுத்தமா, ஒரு பிசிறு இல்லாம. தேய்க்கிறதுல முதல் துண்டு போச்சு. ரெண்டாவதும் போச்சு. மூணாவது வெளிச்சம் வந்துதேன்னு சந்தோசத்துல இன்னும் ரெண்டு சுத்து தேச்சேன், கண்ணாடி மட்டும் கையில இருக்குது, கல்லைக் காணோம்.

என் சம்சாரம் அஞ்சலாட்சி சோறு குடுக்க வந்தவ பாத்துக்கிட்டே நின்னா. "நான் தேய்க்கட்டுமா?"ன்னா. சரி, தேய்ன்னு குடுத்தேன். அது ஒண்ணும் வித்தை இல்ல சார், சும்மா மாவு அரைக்கிற வேலை. வித்தைன்னா அறுக்குறதுதான். ஆனா அவ பண்ற வேலை எனக்குப் பாக்கவே புடிக்கல. பத்து சுத்து தேய்ப்பா, நிறுத்துவா. கழுவுவா. சன்னல் பக்கம் தூக்கிப் புடிப்பா. விரல் நுனியால தடவிப் பாப்பா. பொடிய மாத்துவா, இன்னும் நைசுப் பொடி. திரும்ப எட்டு சுத்து. அப்படி ஒரு மந்தம். ஒரு சில்லுக்கு ஒரு முழு மதியம். ஆனா ஒண்ணு கூட ஒடையல, அது அதிர்ஷ்டம்தான்.

கனம் சரியா இருக்குதான்னு பாக்க மேடம் ஒரு சின்ன மைக்ராஸ்கோப்பைக் கடையிலயே வெச்சிட்டுப் போனாங்க. நானும் பாத்தேன். சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்துது. பாத்துட்டு எழுந்துட்டேன். இவ குனிஞ்சவ குனிஞ்சவதான். ஒரு கஸ்டமர் வந்து நின்னு, அம்மா அம்மான்னு கூப்பிட்டுப் பாத்துட்டு, எதுத்த கடைக்கே போயிட்டாரு.

அடுத்த தடவ மேடம் வந்தப்ப இவ கேக்குறா, "மேடம், இந்தப் பெரிய ஓட்டைல என்னா போச்சு?"

"தண்ணிம்மா. வேர்லேருந்து எலைக்குப் போற குழாய்."

"பெருசு பெருசா, ஒண்ணுக்கொண்ணு எடம் விட்டு, தாராளமா இருக்குது. அப்ப இது தண்ணிக்குத் தவிச்ச மரம் இல்ல. நல்லா மழை பேஞ்ச எடத்து மரம். அப்படித்தானே?"

மேடம் கையில இருந்த பையைக் கீழ வெச்சாங்க. "அதைத்தாம்மா நான் எம்.எஸ்ஸி புள்ளைங்களுக்கு ஒரு வாரம் சொல்லிக் குடுக்குறேன்"ன்னாங்க. ஏதோ கேட்டா, ஏதோ சொன்னாங்க. எனக்கு அப்ப ஒரு படிக்கட்டுக் கல்லு அவசரம்.

இவளுக்குப் பத்தாவதுல சயின்ஸ்ல தொண்ணூத்தி மூணு சார். அதை இன்னும் சொல்லிக்கிட்டிருப்பா. மேல படிக்கணும்னு அழுதாளாம். நான்தான் பொண்ணு பாக்கப் போனப்பவே சொல்லிட்டேனே, எங்க வீட்டுல எதுக்கும் கொறை இருக்காதுன்னு. அப்புறம் என்னாத்துக்குப் படிப்பு?

சித்திரை பாதி தாண்டியிருக்கும். அந்தக் கணுவு இருந்த பக்கத்தை அறுத்தப்ப உள்ள ஒரு பொந்து. பொந்து நெறைய பொடிப்பொடியா மணி மணியா என்னமோ அடைஞ்சு கெடக்குது. எல்லாமே கல்லுதான், ஆனா மணி தனித்தனியாத் தெரியுது. மேடம் அதைப் பாத்துட்டு ஆடிப் போயிட்டாங்க. "அண்ணா! இது விதைண்ணா! மரத்துக்குள்ள விதை! எங்கயோ பழம் விழுந்து, பொந்துல சேந்து, அப்படியே கல்லாயிருக்கு!" அவங்க கண்ணு கலங்கிடுச்சு சார். வடக்க ஒரு பெரிய மாநாடு, வைகாசில. முன்னூறு பேரு வர்றாங்க, அங்க இதைப் பத்திப் பேசப் போறேன்னு அன்னிக்கே எழுதிப் போட்டுட்டாங்க. எனக்குப் பெருமையா இருந்துது. நான் அறுத்த கல்லு இல்ல?

இவ மட்டும் ரெண்டு நாளு மைக்ராஸ்கோப்பும் கையுமா இருந்தா. மூணாவது நாளு மேடம் வந்தாங்க. இவ டீ குடுத்துட்டு, முந்தானையில கையைத் தொடச்சுக்கிட்டு, சாதாரணமா சொல்றா.

"மேடம், இது விதை இல்ல. கரையான் பீ."

அந்த வார்த்தையை அப்படியே சொன்னா சார். ஒரு டாக்டர் முன்னால. எனக்குத் தலையை எங்க கொண்டு போயி வெச்சுக்கிறதுன்னு தெரியல.

மேடம் பொறுமையாத்தான் கேட்டாங்க. "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க வீட்டு பீரோல கொட்டுது மேடம். பதினோரு வருசமா நான்தான் கூட்டி அள்றேன். பாத்தா கசகசா மாதிரி இருக்கும். உத்துப் பாத்தா ஒவ்வொண்ணுக்கும் பட்டை பட்டையா ஓரம் இருக்கும். இதுலயும் அப்படியேதான் இருக்குது."

"கரையான்னா மண்ணுல புத்துதானேம்மா கட்டும்?"

"அது வேற ஜாதி மேடம். இது மண்ணையே தொடாது. காஞ்ச மரத்துக்குள்ளயே குடும்பம் நடத்தும். உள்ள எடம் அடைஞ்சு போச்சுன்னா ஒரு சின்ன ஓட்டை போட்டு எச்சத்தை வெளிய தள்ளும். தள்ளிட்டு ஓட்டைய மூடிக்கும். வீட்டைப் பெருக்குற மாதிரி."

பீரோவைப் பத்தி நான் சொல்லணும். கல்யாணத்தப்ப நானே போயி வாங்குனது. தேக்கு. கடைக்காரரு சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. அதுல கரையான் ஏறுச்சுன்னா அது எங்க வீட்டு ஈரம், பீரோ மேல குத்தம் இல்ல. அதையும் நான் அப்பவே எடுத்துச் சொன்னேன். ரெண்டு பேருமே காதுல வாங்கல.

மேடம் மூஞ்சி செவந்து போச்சு. "இருபத்திரெண்டு வருசமா பாடம் எடுக்குறேம்மா. விதை எது, எச்சம் எதுன்னு எனக்குத் தெரியாதா?"ன்னு சொல்லிட்டு, கல்லை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. டீ அப்படியே இருந்துது.

எனக்கு மனசு கேக்கல. சாயங்காலமே போன் போட்டேன். "மேடம், அவ சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. படிக்காதவ, வாய் துடுக்கு. நீங்க விதைன்னா அது விதைதான்"ன்னேன். "அப்படி இல்லண்ணா..."ன்னு இழுத்துட்டு அவங்க போனை வெச்சிட்டாங்க. திரும்பிப் பாத்தா இவ பின்னால துணி மடிச்சுக்கிட்டு நிக்கிறா. எல்லாம் கேட்டிருக்கா.

"நீங்க விதைன்னு சொன்னா அது மொளைச்சிடுமா?"ன்னா. அவ்ளோதான். நாலு நாளு பேச்சு இல்ல. நான் நல்லதுக்குத்தானே சார் பண்ணேன்? எதுக்குக் கோவம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல.

அந்த நாலு நாளும் பின்கட்டுல எமரிப் பொடி தேய்க்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துது. மேடம் கொண்டு போனது போக, அந்த மணி ஒட்டியிருந்த துண்டு ரெண்டு மூணு நம்மகிட்டதான் மிச்சம். ஏதோ கோவத்தைக் கல்லுல காட்டுறா, காட்டட்டும்னு விட்டுட்டேன்.

அஞ்சாவது நாளு, காலேஜுல குடுக்க வேண்டிய சில்லு ஒரு எட்டு தயாரா இருந்துது. நானே எடுத்துக்கிட்டுப் போறேன்னு கெளம்புனேன், அப்படியே மேடத்துகிட்ட நேர்ல ஒரு மன்னிப்பும் கேட்டுடலாம்னு. இவ எல்லாத்தையும் பஞ்சு சுத்தி டிபன் பாக்ஸுல வெச்சு மூடி, என் கையில குடுத்தா. "மடியிலயே வெச்சுக்குங்க. கீழ வெக்காதீங்க." நாலு நாளைக்கப்புறம் பேசுன முதல் பேச்சு. பஸ்ஸுல முழுக்க மடியிலயே வெச்சிருந்தேன். பக்கத்துல இருந்தவரு சாப்பாடு வாசனை வரலயேன்னு பாத்துக்கிட்டே வந்தாரு.

மேடம் லேப்ல இருந்தாங்க. மாநாட்டுக்கு ஆறு நாளு இருக்குது. மேசை பூரா பேப்பரு. நான் மன்னிப்பு கேக்க வாயைத் தொறக்குறதுக்குள்ள பாக்ஸைத் தொறந்து எண்ணுனாங்க. ஒம்பது சில்லு இருக்குது. எட்டுதானே குடுக்கணும்? அந்த ஒம்பதாவது சில்லு ஓரத்துல சின்னதாக் காகிதம் ஒட்டி, இவ கையெழுத்துல எழுதியிருக்குது. மேடம் சத்தமாப் படிச்சாங்க.

"எடது பக்கம் பழசு. வலது பக்கம் எங்க பீரோ."

என்னா பண்ணியிருக்கா பாருங்க, பீரோல கொட்டுனதை அள்ளி, அதே பசையில ஊற வெச்சு, கெட்டியானதும் கல்லு மாதிரியே அறுத்து, ஒரே கண்ணாடில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி, ஒண்ணாத் தேச்சிருக்கா. ரெண்டும் ஒரே கனம். பீரோ மணி பொலபொலன்னு உதுந்து போகும் சார், அதைக் கலைஞ்சு போகாம தலைமுடில பாதி கனத்துக்குக் கொண்டாந்திருக்கா. பசை நல்ல பசை, அது நான் வாங்கிக் குடுத்தது.

மேடம் அதை மைக்ராஸ்கோப்புல வெச்சாங்க. பாக்குறாங்க. எடது. வலது. எடது. வலது. நான் மனசுக்குள்ள வேண்டிக்கிட்டு நிக்கிறேன்.

திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சாங்க சார். சாதாரணச் சிரிப்பு இல்ல. வயித்தைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, மேசையத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாங்க. பக்கத்து ரூம்லேருந்து எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. "ஆறு மூலை! ரெண்டுத்துக்கும் ஆறு மூலை! இன்னும் ஆறு நாளுல முன்னூறு பேரு முன்னால கரையான் எச்சத்தை விதைன்னு சொல்லியிருப்பேனே!"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க.

அப்புறம் என்னைப் பாத்து, "யாருண்ணா இதைச் செஞ்சது?"ன்னாங்க.

"நாங்கதான்"னேன்.

"இது எப்படித் தோணுச்சு? ரெண்டையும் ஒரே கண்ணாடில வெக்கணும்னு?"

பசை நல்ல பசைன்னு சொன்னேன். அவங்க காரு சாவிய எடுத்துக்கிட்டு, "வாங்க, வீட்டுக்குப் போலாம்"னுட்டாங்க.

வீட்டுக்கு வந்தவங்க செருப்பைக் கழட்டிட்டு நேரா இவகிட்ட போயி ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. "நீங்க சொன்னதுதாம்மா சரி. நான் அன்னிக்குப் பேசுனது தப்பு." இவ "டீ சாப்புடுறீங்களா மேடம்?"னு மட்டும் கேட்டா. அப்புறம் ரெண்டு பேரும் பீரோ முன்னால தரையில உக்காந்துட்டாங்க. ஒருத்தி டார்ச்சு புடிக்கிறா, ஒருத்தர் சின்ன பிரஷால அள்றாங்க. சின்னப் புள்ளைங்க சோழி பொறுக்குற மாதிரி. நான் ஒருத்தன் நிக்கிறேன்னே ஞாபகம் இல்ல.

அதோட விட்டாங்களா? கரையான் தின்ன மரத்தையும் பாக்கணும்னு, பீரோ அடிப்பலகையில நகத்தளவு சீவி எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சாங்க. வெச்சுட்டு, "இது என்ன மரம்னு வாங்குனீங்க அண்ணா?"ன்னாங்க.

"தேக்கு மேடம். முதல் தரம்."

"அண்ணா... இது மாமரம்."

மாமரம் சார். பதினெட்டு வருசமா எங்க வீட்டுக்கு வர்றவன் போறவன்கிட்டல்லாம் தேக்குன்னு தட்டித் தட்டிக் காட்டியிருக்கேன். இவ பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியுமா?"ன்னேன்.

"வந்த அன்னிக்கே தெரியும்"னா.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க அவ்ளோ ஆசையாச் சொன்னீங்க"ன்னா. சொல்லிட்டு டார்ச்சை அணைச்சுட்டு உள்ள போயிட்டா. மேடம் பிரஷையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

ம்... எங்க விட்டேன்? ஆங், மாநாடு. அங்க போயி மேடம் தலைப்பையே மாத்திட்டாங்க. அது மட்டுமா, இவளையும் கூடக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு ராத்திரி ஒரு பகல் ரயிலு. பாண்டிச்சேரி தாண்டிப் போகாதவ சார் அவ. நான் பத்து நாளு மெஸ்ஸுல சாப்புட்டேன். அங்க மேடம் எல்லாரு முன்னாலயும், "நான் இதை விதைன்னு நெனைச்சேன், தப்பு. திருத்துனது இவங்க"ன்னு கை காட்டியிருக்காங்க. ஒரு வயசான வெள்ளைக்காரரு எழுந்து, அது விதை இல்லன்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க, ஆறு மூலை உள்ள விதை இருக்கக் கூடாதான்னு கேட்டிருக்காரு. மேடம் மைக்கை இவகிட்ட குடுத்துட்டாங்க.

இவ தமிழ்லயே சொல்றா: "விதைன்னா மேல ஒரு தோலு இருக்கணும், உள்ள ஒரு பருப்பு இருக்கணும். இதுக்குத் தோலும் இல்ல, பருப்பும் இல்ல. உடைச்சா உள்ள பூரா மரத்தூளு. அந்தத் தூளும், சுத்தி இருக்குற மரமும் ஒண்ணா இருக்குது. எதைத் தின்னுச்சோ அதைத்தானே போடும்?"

மேடம் அதை இங்கிலீஷ்ல சொன்னதும் எல்லாரும் கை தட்டுறாங்க சார். அந்த வெள்ளைக்காரரு நின்னுக்கிட்டே தட்டுறாரு. இவ தலையக் குனிஞ்சுக்கிட்டு மைக்கை முந்தானையால தொடைக்கிறா. மேடத்தோட ஸ்டூடண்ட் ஒருத்தரு செல்லுல புடிச்சு அனுப்புனாரு. நான் ஒரு நாலு தடவ பாத்திருப்பேன். சரி, நாப்பது இருக்கும்.

இப்ப என் கொறைக்கு வர்றேன். அந்த ஆராய்ச்சி புஸ்தகத்துல வந்துது. காலேஜுல ஒரு பெரியவரு, பத்தாவது படிச்சவ பேரை எப்படிப் போடுறதுன்னு குதிச்சாராம். மேடம் அசையல. "கண்ணாடியும் அவங்களுது, கேள்வியும் அவங்களுது, பதிலும் அவங்களுது. என் பேரை வேணா எடுத்துடுங்க"ன்னுட்டாங்களாம். பிலோமினா, அஞ்சலாட்சி. ரெண்டே பேரு. அது போதாதுன்னு மேடம் தனியா இன்னொண்ணு எழுதி, அந்த மரம் இதுவரைக்கும் யாரும் பாக்காத மரமாம், அதுக்குப் பேரு வெச்சாங்க. முன்னால நீளமா ஏதோ லத்தீன், பின்னால 'அஞ்சலாட்சியே'. பொம்பள பேரை வெச்சா கடைசில 'யே' சேக்கணுமாம். ரெண்டு கோடி வருசமாப் பேரு இல்லாமக் கெடந்த மரம் சார், இனிமே உலகம் இருக்குற வரைக்கும் அதுக்கு என் பொண்டாட்டி பேரு.

என் பேரு எங்க இருக்குதுன்னு கேக்குறீங்களா? கடைசிப் பக்கம், பொடி எழுத்துல, 'கல் அறுத்து உதவிய திரு தண்டவராயனுக்கு நன்றி'. தாண்டவராயன் இல்ல, தண்டவராயன். ஒரு எழுத்து முழுங்கிட்டாங்க. அறுத்தவன் யாரு? நான். பீரோ யாருது? என்னுது. அது தேக்கா இருந்திருந்தா கரையான் ஏறியிருக்குமா? கசகசா கொட்டியிருக்குமா? நான் ஏமாந்து மாமரத்தை வாங்குனதாலதானே இத்தனையும்! நீங்களே சொல்லுங்க சார், நியாயமா?

சிரிக்காதீங்க.

இப்ப வாரத்துக்கு ரெண்டு நாளு அவ காலேஜுக்குப் போறா. லேப்ல கல்லு தேய்க்கிற வேலை. கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு ஏழே முக்கா பஸ்ஸு. எம்.எஸ்ஸி புள்ளைங்க இவகிட்ட வந்து நின்னு கத்துக்குதுங்களாம். அந்த ரெண்டு நாளும் சமையல் நான்தான். ரசம் நல்லா வருது.

ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. அந்தச் சின்ன மைக்ராஸ்கோப்பை மேடம் எங்ககிட்டயே விட்டுட்டாங்க. இப்பல்லாம் காலையில கடை தொறக்குறதுக்கு முன்னால நானும் குனிஞ்சு பாக்குறேன். சும்மா, பொழுது போகணும் இல்ல. பொந்துலேருந்து எடுத்த சில்லு இன்னும் நெறைய இருக்குது. மணி மணியா எண்ணிக்கிட்டே வருவேன். போன செவ்வாக்கெழமை, மணிக்கு நடுவுல, ஒரு ஓரமா, மெல்லிசா ஒண்ணு கெடந்துது. மடங்கியிருந்துது. மடங்குற எடத்துல முட்டி மாதிரி ஒரு கணு. நுனியில ரெண்டா பிரிஞ்சு, கொக்கி மாதிரி.

காலு சார். கரையான் காலு.

எச்சம் கெடைச்சுது, அதைப் போட்ட ஆளு இதுவரைக்கும் கெடைக்கல இல்ல? மேடம் எத்தனை தடவ சொல்லியிருக்காங்க, ஒரு காலு, ஒரு றெக்கை, ஏதாவது கெடைச்சா போதும்னு. செவ்வா, புதன், வியாழன், மூணு நாளு பாத்துட்டேன். ஒரு நேரம் காலாத் தெரியுது, ஒரு நேரம் வெறும் விரிசலாத் தெரியுது. யாருகிட்டயும் சொல்லல. மேடத்துக்கு வீட்டுல கல்யாண வேலை, இப்பப் போயி சொல்லக் கூடாது. இவகிட்ட சொல்லலாம்னு பாத்தா, அது வெறும் விரிசலா இருந்துட்டா?

பந்திக்குக் கூப்புடுறாங்க போல. இருங்க, தோ, அவளே வர்றா. அந்த அரக்குப் பட்டு. சாப்புடக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு வர்றா பாருங்க, பெரிய பெரிய ஆளுங்களையெல்லாம் விட்டுட்டு.

என்னா பண்ணலாம் சார், சொல்லிடட்டுமா? மேடத்துகிட்ட சொல்றதுக்கு முன்னால இவகிட்ட காட்டிடணும். உலகத்துல யாரு என்னா சொன்னாலும் சரி, இவ பாத்து ஆமான்னு சொன்னாதான் அது காலு.

அஞ்சலா, இங்க வா. சாப்பாடு கெடக்கட்டும். ஒரு நிமிசம் உக்காரு. சாருகிட்ட இப்பதான் சொல்லிக்கிட்டிருந்தேன்.